கோதமே அளவுகோல்: பன்னிரண்டு பேட்மேன் படங்கள், ஒரு வரிசை

1993 கிறிஸ்துமஸ் அன்று ‘பேட்மேன்: மாஸ்க் ஆஃப் த ஃபேன்டஸம்’ என்ற கார்ட்டூன் படம் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது. வீடியோவில் விடுவதற்காக ஆரம்பித்த படம். பிறகு தியேட்டருக்கு மாற்றினார்கள். வசூல் ஏறத்தாழ 56 லட்சம் டாலரோடு நின்றுபோனது. 2008-இல் வந்த ‘த டார்க் நைட்’ உலகம் முழுக்க 100 கோடி டாலரைத் தாண்டியது. இரண்டு படத்திலும் அதே நாயகன், அதே ஜோக்கர், அதே ஊர். வசூலை வைத்து வரிசை போட்டால் முதல் படத்துக்கு வால் பக்கத்தில்தான் இடம். நடிப்பை வைத்துப் போடலாம். அப்போது ஹீத் லெட்ஜரின் ஜோக்கரும் ஜாக் நிக்கல்சனின் ஜோக்கரும் மோதிக்கொள்வதோடு பேச்சு முடிந்துவிடும். முகமூடிக்குள் இருப்பவர் மைக்கேல் கீட்டனா, கிறிஸ்டியன் பேலா, ராபர்ட் பேட்டின்சனா என்ற சண்டையும் ஓயாதது. எனக்கு வேறோர் அளவுகோல் வேண்டியிருந்தது. அந்த அளவுகோல் கோதம் நகரம்.

காரணம் எளிது. சூப்பர் ஹீரோக்களில் பேட்மேனுக்கு இரண்டு குறைகள். அதிசய சக்தி எதுவும் கிடையாது. காப்பாற்ற உலகமும் கிடையாது. ஒரே ஓர் ஊர்தான் உண்டு. பின்னாளில் பேட்மேனாகும் எட்டு வயதுப் பையன் புரூஸ் வேனின் கண்ணெதிரே அவன் பெற்றோர் அந்த ஊரின் சந்தில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அந்த ஊருக்காகவே அவன் உறுதி எடுத்துக்கொண்டான். ஆகவே ஒரு பேட்மேன் படத்தைப் பார்க்கும்போது கேட்க வேண்டிய கேள்வி இது: இந்தக் கோதமில் யாராவது குடியிருக்கிறார்களா? அவர்கள் குடிக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, வேலைக்கு எதில் போகிறார்கள், ஊரின் பணம் யார் கையில், ஆபத்து வந்தால் அவர்களாக எதையாவது முடிவு செய்கிறார்களா? இதற்குப் பதில் வைத்திருக்கும் படம் மேலே போகட்டும். பதிலே இல்லாதது கீழே கிடக்கட்டும்.

பாப் கேனும் பில் ஃபிங்கரும் 1939-இல் பேட்மேனை உருவாக்கியபோது ஊருக்குப் பெயரில்லை. கோதம் என்ற பெயர் ஓராண்டுக்கு மேல் கழித்தே வந்தது. அதைக் கொடுத்தவர் ஃபிங்கர். பேட்மேனின் தோற்றத்தையும் பின்கதையையும் பெருமளவில் வகுத்த அந்த எழுத்தாளர் 1974-இல் காலமானார். படைப்பாளிகளில் ஒருவர் என்று அதிகாரபூர்வமாக அவர் பெயரைப் போட காமிக்ஸ் நிறுவனம் ஒத்துக்கொண்டது 2015-இல். நான் வரிசையில் சேர்க்கும் பன்னிரண்டு படங்களில் 2016-க்கு முந்தைய எதிலும் அந்த அங்கீகாரம் இல்லை. ஊரை அளவுகோலாக வைப்பதில் ஃபிங்கருக்குச் சேர வேண்டிய மரியாதையும் கொஞ்சம் இருக்கிறது.

பன்னிரண்டு என்றேன். 1966-இன் படத்திலிருந்து 2022-இன் படம் வரை, பேட்மேன் நாயகனாகத் தியேட்டருக்கு வந்தவற்றில் நான் தேர்ந்தெடுத்தவை இவை. அவர் விருந்தாளியாக வந்துபோகும் படங்களை விட்டுவிட்டேன். டாட் ஃபிலிப்ஸின் ‘ஜோக்கர்’ (2019) இந்த அளவுகோலுக்குப் பொருத்தமான படம்: குப்பை அள்ளுபவர்களின் வேலைநிறுத்தத்தில் நாறும் ஊர், நிதி வெட்டால் மூடப்படும் மனநல மையம். ஆனால் அதில் பேட்மேன் இல்லை, உறுதி எடுக்காத ஒரு சிறுவன்தான் இருக்கிறான்.

கடைசி இடங்களைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பன்னிரண்டாவது, ஜோயல் ஷூமேக்கரின் ‘பேட்மேன் & ராபின்’ (1997). பல மாடி உயரச் சிலைகள், அவற்றின் தோளிலும் கையிலும் ஓடும் சாலைகள், எங்கும் நியான் வெளிச்சம். ஊர் முழுக்க உறைந்துபோகிறது, ஆனால் உறைந்த ஊரில் நாம் பெயர் சொல்லக்கூடிய குடிமகன் ஒருவரும் இல்லை. பதினொன்றாவது, ஸாக் ஸ்னைடரின் ‘பேட்மேன் v சூப்பர்மேன்’ (2016). அதன் தொடக்கத்தில் வரும் ஒரு காட்சியை மதிக்கிறேன். கட்டடங்கள் சரியும் தூசிக்குள், எல்லோரும் வெளியே ஓடிவரும்போது புரூஸ் வேன் உள்ளே ஓடுகிறார். ஆனால் அது மெட்ரோபொலிஸ் நகரம். கோதமுக்கு வரும்போது படம் ஆளில்லாத கைவிடப்பட்ட துறைமுகத்தைத் தேடிப் போகிறது. யாரும் சாக மாட்டார்கள் என்று நமக்கு உறுதி சொல்லிவிட்டு அங்கே சண்டையை நடத்துகிறது. குடியிருப்பவர்களைக் காலி செய்துவிட்டால் ஊர் எதற்கு? பத்தாவது, ஷூமேக்கரின் முந்தைய படமான ‘பேட்மேன் ஃபாரெவர்’ (1995). இதில் ஒரு நல்ல யோசனை வீணாகிப்போனதில் எனக்கு வருத்தம் உண்டு: வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி மேல் ஒரு பெட்டி, பார்ப்பவர்களின் மூளையிலிருந்து அது எண்ணங்களை உறிஞ்சி ஒருவனுக்கு அனுப்புகிறது. இன்றைக்கு நாம் கையில் வைத்திருக்கும் பெட்டியைப் பற்றி முப்பது ஆண்டுக்கு முன்பே கேட்கப்பட்ட கேள்வி. படம் ஜிம் கேரியின் சேட்டைகளுக்காக அதைக் கைவிட்டுவிட்டது.

ஒன்பதாவது இடத்தில் ‘த டார்க் நைட் ரைசஸ்’ (2012) இருப்பது பலருக்குப் பிடிக்காது. 100 கோடி டாலர் தாண்டிய படம், பார்க்கப் பிரம்மாண்டமான படம். பிட்ஸ்பர்க்கின் நிஜமான அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் எடுத்த காட்சி இருக்கிறது. வில்லன் பேனின் பாதாளச் சிறையின் வெளிப்புறத்துக்காக ஜோத்பூர் வரை வந்தார்கள். கதையில் பாலங்கள் தகர்க்கப்பட்டு, கோதம் ஐந்து மாதம் உலகத்திலிருந்து துண்டிக்கப்படுகிறது. ஐந்து மாதம்! அத்தனை நாளும் கடையில் அரிசியும் ரொட்டியும் கிடைத்ததா, பள்ளிக்கூடம் நடந்ததா, பக்கத்து வீட்டுக்காரரை யார் காட்டிக்கொடுத்தார்கள், யார் ஒளித்துவைத்தார்கள்? எதுவும் தெரியாது. சுரங்கத்தில் அடைபட்ட காவலர்கள் வெளியே வந்து கூலிப்படையோடு தெருவில் மோதுகிறார்கள். ஊருக்கான போரில் ஊர்மக்கள் இல்லை. இயக்குநர் நோலன் தன் முந்தைய படத்தில் செய்த ஒரு காரியத்தின் விலையை இங்கே கொடுக்கிறார். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அதற்கு மேலே எட்டாவதாக 1966-இன் ‘பேட்மேன்’ வருவதும் இந்த அளவுகோலால்தான். ஆடம் வெஸ்ட் நடித்த தொலைக்காட்சித் தொடரின் நீட்சி அது. பட்டப்பகலில் நடக்கும் படம், இருட்டுச் சந்து என்ற பேச்சே இல்லை. கறுப்பு உருண்டைக் குண்டு ஒன்றைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு பேட்மேன் படகுத்துறையில் ஓடுகிறார். திரி எரிந்துகொண்டிருக்கிறது. எந்தப் பக்கம் எறியப் போனாலும் ஆள்: ஒரு பக்கம் கன்னியாஸ்திரிகள், ஒரு பக்கம் குழந்தை வண்டியோடு ஒரு தாய், தண்ணீரில் படகுக்குள் காதலர்கள், கடைசியில் வாத்துக் குஞ்சுகள். எறிய முடியாமல் திரும்பத் திரும்ப ஓடுகிறார். சிரிக்க வைக்கத்தான் எடுத்தார்கள். ஆனால் கையில் குண்டோடு இருக்கும் ஒருவர் ஊரில் யாரும், ஒரு வாத்துக் குஞ்சுகூட, சாகக் கூடாது என்று தவிப்பதை இத்தனை வெளிப்படையாகக் காட்டிய பேட்மேன் படம் வேறில்லை. ஏழாவது ‘த லெகோ பேட்மேன் மூவி’ (2017). அதன் கோதம் லெகோ தட்டுகள்மேல் நிற்கிறது. தட்டுகள் பிளந்து ஊர் இரண்டாகும்போது பேட்மேனும் வில்லன்களும் ஊர்மக்களும் ஒருவரோடு ஒருவர் பொருந்திச் சங்கிலியாகி, பிளவை இழுத்து மூடுகிறார்கள். குழந்தைகளுக்கான படம் சொன்ன தீர்வு, மூன்று மணி நேரத்தைத் தொடும் பெரியவர்கள் படம் பலவற்றுக்குத் தோன்றவில்லை.

ஆறாவது இடத்தில் டிம் பர்ட்டனின் 1989 ‘பேட்மேன்’. இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். இந்தப் படத்தில் உண்மையான நாயகன் ஆன்டன் ஃபர்ஸ்ட் என்ற கலை இயக்குநர். லண்டனுக்கு வெளியே பைன்வுட் ஸ்டூடியோவில் தெருத் தெருவாகக் கோதமைக் கட்டினார். 1916-இல் நியூயார்க்கில் ஒரு கட்டட விதி வந்தது: உயரம் கூடக் கூட மேல்மாடிகள் உள்ளே தள்ளிப்போக வேண்டும், தெருவுக்கு வெயிலும் காற்றும் இறங்க வேண்டும். அந்த விதி வராமலே போயிருந்தால் ஊர் எப்படி ஆகியிருக்கும் என்பதற்கு ஃபர்ஸ்டின் கோதம்தான் பதில். கட்டடங்கள் தெருவின் மேலே கவிழ்ந்து நிற்கின்றன. எதிரெதிர்ச் சுவர்களை இரும்பு உத்தரங்களும் பாலங்களும் கோத்திருக்கின்றன. குழாய்களும் தூண்களும் கட்டடத்துக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்க, நடைபாதையில் ஆவி கிளம்புகிறது. பணம் படைத்தவன் கேட்டதையெல்லாம் கட்ட விட்டுவிட்ட ஊர் என்பது வசனம் ஏதுமில்லாமலே புரிகிறது. ஃபர்ஸ்டும் அரங்க அலங்காரம் செய்த பீட்டர் யங்கும் ஆஸ்கர் வாங்கினார்கள். 1991-இல் ஃபர்ஸ்ட் இறந்துபோனார். 1992-இல் காமிக்ஸ்காரர்களே தங்கள் கோதமின் பழைய கட்டடங்களைக் கதைக்குள் இடித்து, ஃபர்ஸ்டின் வடிவத்தைக் கொண்டுவந்தார்கள். ஒரு சினிமா செட் அரை நூற்றாண்டுப் பழமையான ஓர் ஊரின் வரைபடத்தை மாற்றியது.

அத்தனை அருமையான ஊரில் மக்களை எப்படிக் காட்டுகிறார் பர்ட்டன்? ஊருக்கு 200 வயது நிறைவு விழா. ஜோக்கர் தெருவில் பணத்தை வீசுகிறான். அவன் கொலைகாரன் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் கூட்டம் அலைமோதுகிறது. ராட்சதப் பலூன்களிலிருந்து விஷவாயு இறங்குகிறது. கூச்சமூட்டும் உண்மை அதில் இருக்கிறது. ஆனால் அந்தக் கூட்டத்திலிருந்து ஒரு முகம்கூட நம் நினைவில் நிற்பதில்லை. கட்டடம் பாத்திரமாகிவிட்டது, மனிதர்கள் பின்னணியாகிவிட்டார்கள்.

மூன்று ஆண்டு கழித்து வந்த ‘பேட்மேன் ரிட்டர்ன்ஸ்’ (1992) அதைச் சரிசெய்தது என்பதால் அதற்கு ஐந்தாவது இடம். போ வெல்ச்சின் கோதம் ஃபர்ஸ்டினுடையதைவிடச் சிறியது, ஒரு சதுக்கத்துக்குள் அடங்கிவிடுவது, பனி மூடியது. அங்கே மேக்ஸ் ஷ்ரெக் என்ற முதலாளி மின்நிலையம் கட்டப் போகிறேன் என்கிறான். அது ஊருக்கு மின்சாரம் கொடுக்காது, ஊரிலிருந்து உறிஞ்சும் என்பதைக் கண்டுபிடிப்பவள் அவனுடைய செயலாளர் செலினா. கண்டுபிடித்ததற்குக் கூலியாக ஜன்னல் வழியே கீழே தள்ளப்படுகிறாள். பேட்மேன் படங்களில் கோப்பைப் படித்துப் பார்த்துக் குற்றத்தைக் கண்டவர்கள் சிலரே; அவர்களில் சம்பளக்காரப் பெண் இவள் ஒருத்தி. இன்னொரு பக்கம் பெங்குவின். விகாரமாகப் பிறந்ததால் பணக்காரப் பெற்றோர் சாக்கடையில் விட்ட குழந்தை அவன். வளர்ந்து மேயர் தேர்தலுக்கு நிற்கிறான். அவனுக்காகக் கண்ணீர் விட்ட அதே கூட்டம், அவன் தங்களைப் பற்றிப் பேசிய பேச்சு ஒலிபெருக்கியில் வெளியானதும் காய்கறிகளை வீசி விரட்டுகிறது. குழந்தைகளை இந்தப் படம் பயமுறுத்துகிறது என்று அந்நாளில் பெற்றோர் பலர் கோபப்பட்டார்கள். இதில் பயமுறுத்துவது ரத்தத்தைவிட அரசியல்தான்.

நான்காவது ‘பேட்மேன் பிகின்ஸ்’ (2005). நோலனின் மூன்று படங்களில் ஊரின் நரம்புகளைத் தொட்டுப் பார்த்தது இது மட்டும். சிறுவன் புரூஸ் பெற்றோரோடு இசைநாடகம் பார்க்கப் போவது சொகுசுக் காரில் அல்ல, மேலே ஓடும் ரயிலில். ஊர் கஷ்டகாலத்தில் இருக்கிறது, ஏழைகளுக்கும் கட்டுப்படியாகும் ரயிலை நாம் கட்டினோம் என்று அப்பா தாமஸ் வேன் விளக்குகிறார். பளபளக்கும் பெட்டி, வெளிச்சமான ஜன்னல். பிறகு ஆண்டுகள் ஓடுகின்றன; அதே ரயில் கிறுக்கல்களும் அழுக்குமாக வருகிறது. ஒரு ஊரின் வீழ்ச்சியைச் சொல்ல இதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரியவில்லை. கடைசியில் வில்லன் ராஸ் அல் கூல், குடிநீர்க் குழாய்களில் கலந்துவைத்த பயமருந்தை ஆவியாக்கும் கருவியை அதே ரயிலில் ஏற்றி ஊரின் மையத்துக்கு ஓட்டுகிறான். தண்டவாளத்தைத் தாங்கும் தூண்களைத் தகர்த்தால்தான் ஊர் பிழைக்கும். அப்பா ஊருக்குக் கட்டிக்கொடுத்த ரயிலை மகனின் திட்டப்படி இடிக்க வேண்டியிருக்கிறது. இந்த வலியைப் படம் ஒரு நொடிகூட நின்று பார்க்கவில்லை என்பதே என் குறை. அடுத்த படத்தில் ரயிலும் இல்லை, ஹாங்காங்கில் இருந்த கவுலூன் சுவர்நகரத்தின் சாயலில் கட்டிய குடிசைத் தீவும் இல்லை. சிகாகோவின் கண்ணாடிக் கட்டடங்களே கோதமாகிவிட்டன.

மாட் ரீவ்ஸின் ‘த பேட்மேன்’ (2022) மூன்றாவது. லிவர்பூல், கிளாஸ்கோ, சிகாகோ மூன்றையும் ஒட்டவைத்து உண்டாக்கிய, மழை விடாத கோதம். ஊரின் பணம் எங்கே போகிறது என்று கணக்குக் கேட்ட முதல் பேட்மேன் படம் இது. தாமஸ் வேன் தேர்தலில் நின்றபோது ஊரின் மறுவாழ்வுக்கு 100 கோடி டாலர் நிதி அறிவித்தார். அவர் கொலையான பிறகு மேற்பார்வை இல்லாத அந்த நிதி ரவுடிகளுக்கும் அதிகாரிகளுக்கும் பணப்பெட்டியானது. நிதியை நம்பியிருந்த அநாதை இல்லத்துப் பிள்ளைகள் எலிகளோடு குளிரில் கிடந்தார்கள். வில்லன் ரிட்லர் அங்கிருந்து வந்தவன். தர்மம் செய்த குடும்பத்தின் வாரிசு, அந்தத் தர்மத்தால் நாசமான ஒருவனை எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது.

இந்தப் படத்தில் இரண்டு காட்சிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் ரயில் நிலைய நடைமேடையில் ஒரு கும்பல் ஒரு மனிதரைச் சூழ்கிறது. பேட்மேன் வந்து கும்பலை அடித்து நொறுக்குகிறார். தரையில் கிடக்கும் அந்த மனிதர் காப்பாற்றியவரைப் பார்த்தே, என்னை ஒன்றும் செய்துவிடாதே என்று கெஞ்சுகிறார். இறுதியில் கடல்சுவர் தகர்ந்து ஊருக்குள் வெள்ளம் புகுந்த பிறகு, இடிபாட்டுக்குள் இடுப்பளவு நீரில் சிக்கியவர்களிடம் பேட்மேன் சிவப்புத் தீப்பந்தத்தோடு போய்க் கை நீட்டுகிறார். ஒரு கணம் அவர்கள் தயங்குகிறார்கள். கொலையான மேயரின் சின்ன மகன் முதலில் கையைப் பிடிக்கிறான். அவர் முன்னால் நடக்க எல்லோரும் பின்னால் வரிசையாக வருகிறார்கள். விடிந்ததும், காயம்பட்ட ஒரு பெண்ணைத் தூக்குப்படுக்கையில் கிடத்துகிறார். அவள் அவர் கையை விட மறுக்கிறாள். அடிக்கத் தெரிந்தவர் தூக்கக் கற்றுக்கொள்கிறார். மூன்று மணி நேரத்துக்கு நான்கு நிமிடமே குறைந்த படம், நடுவில் தொய்வு உண்டு, அதனாலேயே மூன்றாவது.

இரண்டாவது, தொடக்கத்தில் சொன்ன ‘மாஸ்க் ஆஃப் த ஃபேன்டஸம்’. எரிக் ரடாம்ஸ்கியும் புரூஸ் டிம்மும் இயக்கியது. இவர்களுடைய தொலைக்காட்சித் தொடரில் பின்னணி ஓவியங்களைக் கறுப்புத் தாளில் வரைந்தார்கள்: இருட்டுதான் அடிப்படை, வெளிச்சத்தை மேலே பூச வேண்டும். படத்தின் மையத்தில் கோதம் உலகக் கண்காட்சி. இளைஞன் புரூஸும் காதலி ஆண்ட்ரியாவும் நாளைய உலகத்தைச் சுற்றிப் பார்க்கிறார்கள். சுத்தமான சாலை, வேலை செய்யும் இயந்திரங்கள், வருங்காலக் கார். 1939-இல், பேட்மேன் பிறந்த அதே ஆண்டில், நியூயார்க்கில் நிஜமாகவே நாளைய உலகம் என்ற முழக்கத்தோடு உலகக் கண்காட்சி நடந்தது. சில மாதத்தில் ஐரோப்பாவில் போர் தொடங்கியது. படத்தில் ஆண்டுகள் கழித்து அதே கண்காட்சி மைதானம் பாழடைந்து ஜோக்கரின் இருப்பிடமாகிறது. கோதமின் சிறிய மாதிரி நகரம் ஒன்று அங்கே இன்னும் நிற்கிறது; பேட்மேனும் ஜோக்கரும் அதன் கட்டடங்களுக்கு நடுவே பூதங்களாக மோதி, வரவிருந்த ஊரைக் காலால் மிதித்து நொறுக்குகிறார்கள். இதற்கு முன்னால், காதலில் விழுந்த புரூஸ் மழையில் பெற்றோரின் கல்லறை முன் மண்டியிட்டு, எனக்கு மகிழ்ச்சி வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை, என்னை இந்த உறுதியிலிருந்து விட்டுவிடுங்கள் என்று மன்றாடுகிறார். கெவின் கான்ராயின் குரலில் அந்த இடத்தைக் கேட்ட பிறகு வேறு எந்தப் பேட்மேனின் அழுகையும் எனக்குப் பெரிதாகப் படவில்லை. ஊர் இழந்த எதிர்காலமும் ஒருவன் இழந்த எதிர்காலமும் ஒரே மைதானத்தில் கிடக்கின்றன.

மனத்துக்கு நெருக்கமான படம் அதுதான். ஆனாலும் ‘த டார்க் நைட்’ முதலிடத்தில் இருப்பது இரண்டு படகுகளுக்காக. ஒன்றில் சாதாரண மக்கள், மற்றதில் சிறைக் கைதிகள். இரண்டிலும் வெடிமருந்து, ஒவ்வொரு படகிலும் மற்றதை வெடிக்கவைக்கும் விசை. நள்ளிரவுக்குள் யாரும் அழுத்தாவிட்டால் இரண்டையும் வெடிப்பேன் என்கிறான் ஜோக்கர். மக்கள் படகில் சீட்டு எழுதி வாக்கெடுக்கிறார்கள். வேண்டாம் என்று 140, கைதிகளைக் கொல்லலாம் என்று 396. பெரும்பான்மை தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆனால் விசையைத் திருப்ப ஆள் இல்லை. கொல்லலாம் என்று உரக்கப் பேசிய ஒருவர் எழுந்து வந்து பெட்டியைக் கையில் எடுக்கிறார், பார்க்கிறார், மெல்லத் திரும்ப வைத்துவிட்டு உட்கார்ந்துகொள்கிறார். அடுத்த படகில் ஒரு கைதி காவல் அதிகாரியிடம் விசையைக் கேட்டு வாங்கி ஜன்னல் வழியே தண்ணீரில் எறிகிறார். பேட்மேன் அங்கே இல்லை. எங்கோ உயரத்தில் ஜோக்கரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். நான் பார்த்த பன்னிரண்டு படங்களில் கோதம் மக்கள் பேட்மேன் துணையில்லாமல் தங்களைத் தாங்களே காப்பாற்றிக்கொள்ளும் இடம் இது ஒன்றுதான்.

அதற்குச் சற்று நேரத்திலேயே படம் தன் வெற்றியைத் தானே நம்ப மறுக்கிறது. ஊர் நம்பிய அரசு வழக்கறிஞர் ஹார்வி டென்ட் கொலைகாரனாகிச் செத்தது தெரிந்தால் ஊர் தாங்காது என்று பேட்மேனும் காவல் ஆணையர் கார்டனும் முடிவெடுத்து, பழியைப் பேட்மேன்மேல் போட்டுப் பொய் சொல்கிறார்கள். எந்த ஊர் தாங்காது? தன் சாவு எதிரே நிற்கும்போதும் விசையை அழுத்தாத அந்த ஊரா? இறுதிக் காட்சியின் இசையும் வேகமும் இதைத் தியாகமாக உணரவைக்கின்றன. ஊர்மக்களிடம் கேட்காமல் அவர்களுக்காக எடுத்த முடிவு அது. எட்டு ஆண்டுக் கதைக்காலம் கழித்து ‘ரைசஸ்’ படத்தில் பேன் அந்தப் பொய்யை உடைத்துக்காட்டும்போது, நோலனிடம் அவர்களை மறுபடி நம்பும் வழி மிச்சமில்லை. அதனால்தான் அந்த ஐந்து மாதத்தில் மக்கள் காணாமல் போகிறார்கள்.

இந்தக் குறையோடுதான் ‘த டார்க் நைட்’ முதலிடத்தில் இருக்கிறது. படகுக் காட்சியை எழுதியவர்களே அதை மீறிப் போனார்கள் என்றாலும், எழுதியது எழுதியதுதான். 396 பேர் ஒரு தாளில் கொலைக்குச் சம்மதம் எழுதினார்கள், அவர்களில் ஒருவர் கையாலும் அது நடக்கவில்லை.